கர்சரை யார் மூடுவது?

காலையில் நன்றாக ஓடிய மென்பொருள் மாலையில் முரண்டு பிடிக்கிறது. நிரலை யாரும் புதிதாகத் தொடவில்லை. தரவும் திடீரென்று பெருகிவிடவில்லை, கணினியில் நினைவகம் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் முதலில் ஒருவர், பிறகு இன்னொருவர் என்று பயனர்கள் ‘ஓரா-01000’ என்ற பிழையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். திறந்து கிடக்கும் கர்சர்களின் எண்ணிக்கை உச்சவரம்பைத் தொட்டுவிட்டது என்பது அதன் பொருள். பயன்பாட்டு சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினால் எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் மாலை மீண்டும் அதே பிழை. ஆரக்கிள் தரவுத்தளத்தோடு சில ஆண்டுகள் பழகிய எவருக்கும் இது தெரிந்த நோய்தான்.

இரவுதோறும் சர்வரை மறுதொடக்கம் செய்வதையே இதற்கு வைத்தியமாக வைத்துக்கொண்ட அலுவலகங்கள் உண்டு. உச்சவரம்பைக் கூட்டிவிட்டு நிம்மதியாகும் அலுவலகங்கள் இன்னும் அதிகம். இரண்டுமே நோயின் மூலத்தைத் தொடுவதில்லை. நிரலில் எங்கோ ஓரிடத்தில் பதிவுகளின் ஓடை ஒன்று, அதாவது ஒரு கர்சர், திறக்கப்படுகிறது, படிக்கப்படுகிறது, மூடப்படாமல் விடப்படுகிறது. படித்து முடிப்பதும் மூடுவதும் வெவ்வேறு செயல்கள். தரவுத்தள நிரலாக்கத்தில் இதைவிட அடிப்படையான, இதைவிட அதிகமாக மறக்கப்படும் செய்தி இல்லை என்று நான் நினைக்கிறேன்.

இப்படி ஒரு ஓடை ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தரவை அட்டவணைகளாகவும் கணங்களாகவும் பார்க்கும் உறவுமுறை மாதிரியை முன்வைத்தார். ஒரு கேள்வி கேட்டால் விடையாக ஒரு கணம் முழுவதும் கிடைக்கும். பதிவு பதிவாக நடந்துபோய்த் தேட வேண்டியதில்லை. 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்தச் சிந்தனையை ஆங்கிலச் சாயல் கொண்ட வினவல் மொழியாக்கினார்கள். இன்றைய எஸ்.க்யூ.எல். மொழியின் தாய் அதுதான்.

ஆனால் அன்றைக்கு வணிக நிரல்கள் கோபாலிலும் பி.எல்/ஒன்னிலும் எழுதப்பட்டன. இந்த மொழிகளுக்குக் கணம் என்றால் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு பதிவைத் தங்கள் மாறிகளுக்குள் வாங்கி, அதைக் கணக்கிட்டு, அடுத்ததற்குப் போவதுதான் அவற்றின் வழக்கம். பத்து லட்சம் வாடிக்கையாளர்களைக் கொண்ட ஒரு கணத்தை ஒரே வாயில் எந்த மாறிக்கும் ஊட்ட முடியாது. கணமாகப் பேசும் தரவுத்தளத்துக்கும் ஒவ்வொன்றாகக் கேட்கும் நிரலுக்கும் நடுவே பாலமாக, சான் ஹோசேயில் உருவான ‘சிஸ்டம் ஆர்’ ஆய்வுத் திட்டத்தில் கர்சர் என்ற ஏற்பாடு வந்தது. பெரிய பேரேட்டைப் படிக்கும் கணக்குப்பிள்ளை, தான் நிற்கும் வரியில் விரலை வைத்துக்கொண்டே கீழே நகர்வார். கர்சர் அந்த விரல். எந்த விடைக்கணம், அதில் இப்போது எந்த வரி என்ற இரண்டையும் அது நினைவில் வைத்திருக்கிறது.

அதை இயக்க நான்கு கட்டளைகள் உண்டு. டிக்ளேர் என்றால் எந்த வினவல் என்று அறிவிப்பது. ஓப்பன் என்றால் அதைத் தொடங்குவது. ஃபெட்ச் என்றால் அடுத்த பதிவைக் கொண்டுவருவது. க்ளோஸ் என்றால் முடித்துக்கொள்வது. 1986இல் அமெரிக்கத் தரநிலை அமைப்பு எஸ்.க்யூ.எல்.லுக்கு முதல் தரநிலையை வகுத்தபோதே இந்த நான்கும் அதில் இடம்பெற்றன. 1988இல் ஆரக்கிள் தன் ஆறாம் பதிப்போடு பி.எல்/எஸ்.க்யூ.எல். என்ற மொழியைக் கொண்டுவந்தபோது இதே நான்கையும் சுவீகரித்துக்கொண்டது. அந்த மொழியின் உடலமைப்பு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான ஏடா மொழியிலிருந்து வந்தது. அறிவிப்புப் பகுதி, செயல் பகுதி, பிழை நேர்ந்தால் தாவிப்போகும் விதிவிலக்குப் பகுதி என்று ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று அறைகள். இந்த மூன்றாவது அறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடைகள் திறந்து கிடப்பதற்கான காரணம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

ஓப்பன் என்று சொன்னதும் உள்ளே என்ன நடக்கிறது? லட்சம் பதிவுகளும் ஓரிடத்தில் நகலெடுத்து வைக்கப்படுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். வரிசைப்படுத்துதல் போன்ற வேலை இல்லாத சாதாரண வினவலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. தரவுத்தளத்தோடு நிரல் வைத்திருக்கும் அமர்வுக்கென்று ஒதுக்கிய தனி நினைவகத்தில் சிறிய இடம் ஒன்று பிடிக்கப்படுகிறது. வினவலுக்குக் கொடுக்கப்பட்ட மதிப்புகள், செயலாக்கம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற குறிப்பு, எல்லா அமர்வுகளுக்கும் பொதுவான நினைவகத்தில் இருக்கும் செயல்திட்டத்துக்கான இணைப்பு ஆகியவை அங்கே இருக்கும். கூடவே ஒரு காலப்புள்ளியும் குறிக்கப்படுகிறது. ஓப்பன் நிகழ்ந்த அந்த நொடியில் தரவு எப்படி இருந்ததோ, கடைசி ஃபெட்ச் வரை அப்படியே தெரியும் என்று தரவுத்தளம் உறுதி தருகிறது. நடுவில் வேறொருவர் ஒரு பதிவை மாற்றி உறுதி செய்தாலும் இந்த ஓடையில் பழைய மதிப்பே வரும். மாதக் கடைசியில் வட்டி கணக்கிடும் நிரல் பாதி வாடிக்கையாளர்களை நேற்றைய நிலையிலும் மீதிப்பேரை இன்றைய நிலையிலும் பார்த்துவிடாமல் இருப்பது இந்த உறுதியால்தான்.

பிறகு ஃபெட்ச் கட்டளைகள் வரிசையாக வருகின்றன. கடைசிப் பதிவும் வந்துவிட்டது. இன்னொருமுறை ஃபெட்ச் செய்தால் பிழை எதுவும் எழாது. மாறியில் பழைய மதிப்பே இருக்கும். ‘நாட்ஃபவுண்ட்’ என்ற பண்பு மட்டும் உண்மை என்று மாறும். நிரல் அதைப் பார்த்துச் சுழலிலிருந்து வெளியேறும். அந்தக் கணத்தில் ‘இஸ்ஓப்பன்’ என்ற பண்பைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் உண்மை என்றே சொல்லும். ஓடை வற்றிவிட்டது, ஆனால் திறந்திருக்கிறது. பிடித்த இடம் அப்படியே பிடித்தபடி இருக்கிறது. உங்களுக்கு வேலை முடிந்துவிட்டதா, அல்லது ‘ரோகவுண்ட்’ பண்பைக் கேட்டு எத்தனை பதிவுகள் வந்தன என்று தெரிந்துகொள்ளப் போகிறீர்களா என்று தரவுத்தளத்துக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லும் ஒரே சொல் க்ளோஸ்.

மூடியபின் ஃபெட்ச் செய்தால் ஓரா-01001 வரும். செல்லாத கர்சர் என்று பொருள். திறந்திருப்பதை மறுபடி திறந்தால் ஓரா-06511. ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு பிழைகளும் நல்லவை. தவறு நடந்த இடத்திலேயே, நடந்த நொடியிலேயே கத்தி விடுகின்றன. ஓரா-01000 அப்படிப்பட்டது அல்ல. அது எழும் இடம் ஓரிடம், அதற்குக் காரணமான இடம் வேறிடம். யாரோ ஒருவர் காலையிலிருந்து மூடாமல் விட்டுவந்த கர்சர்களின் சுமை, மாலையில் ஒரு குற்றமும் செய்யாத இன்னொரு நிரலின் ஓப்பன் கட்டளை மேல் விழுகிறது. பிழைச்செய்தி காட்டும் வரியைப் போய்ப் பார்க்கும் நிரலர் அங்கே எந்தத் தவறும் இல்லாததைக் கண்டு குழம்புகிறார். இந்த நோய் வருடக்கணக்கில் தீராமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

உச்சவரம்பு ‘ஓப்பன்_கர்சர்ஸ்’ என்ற அளவுருவில் இருக்கிறது. தரவுத்தளம் முழுவதற்குமான எண் அல்ல அது. ஒவ்வோர் அமர்வுக்கும் தனித்தனியானது. ஆரக்கிள் இயல்பாக வைத்திருக்கும் மதிப்பு 50. நடைமுறையில் 300 அல்லது 1000 என்று உயர்த்தியே வைக்கிறார்கள்; அதில் தவறில்லை. கசிவு இருக்கும்போது மேலும் மேலும் உயர்த்துவதுதான் தவறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பயன்பாடு 20 இணைப்புகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. ஒரு திரையைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கர்சர் மூடாமல் விடப்படுகிறது. நிமிடத்துக்கு 10 பேர் அந்தத் திரையைத் திறக்கிறார்கள். வரம்பு 300 என்றால் மொத்தம் 6000 கர்சர்களுக்கு இடம். சுமை சீராகப் பரவினால் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம் தாங்கும். காலை 9 மணிக்குத் தொடங்கினால் இரவு 7 மணிக்கு முட்டும். வரம்பை 1000 ஆக்கினால் 33 மணி நேரம் சொச்சம். முதல் நாள் பிழை வராது. ‘சரியாகிவிட்டது’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். மறுநாள் மாலை வரும். விழாக்காலத்தில் கூட்டம் மூன்று மடங்கானால் அதற்கும் முன்பே வரும்.

இதில் ஒரு வரலாற்றுத் திருப்பமும் உண்டு. தொண்ணூறுகளில் ஒவ்வோர் ஊழியரின் கணினியும் தரவுத்தளத்தோடு நேரடியாக ஓர் அமர்வைத் திறந்தது. மாலையில் அவர் வெளியேறும்போது அமர்வு முடிந்தது. அதற்குள் திறந்து கிடந்த கர்சர்கள் எத்தனை ஆனாலும் தரவுத்தளமே அவற்றைத் துடைத்துவிட்டது. கசிவு அன்றும் இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். பிறகு இணையப் பயன்பாடுகள் வந்தன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பு திறப்பது செலவு மிகுந்தது என்பதால், திறந்த இணைப்புகளைக் கையிருப்பாக வைத்துப் பகிரும் முறை வந்தது. இதில் ‘இணைப்பை மூடு’ என்று நிரல் சொன்னாலும் அது உண்மையில் மூடப்படுவதில்லை, கையிருப்புக்குத் திரும்புகிறது. அமர்வு நாள்கணக்கில், வாரக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. பழைய நிரல் அதேதான். ஆனால் அதன் அழுக்கைத் தினமும் மாலையில் துடைத்த கை இப்போது இல்லை. பழைய நிரல்களைப் புதிய கட்டமைப்புக்குக் கொண்டுபோகும்போது முதலில் வெடிப்பது கர்சர் கசிவாக இருப்பதற்கு இதுதான் விளக்கம்.

க்ளோஸ் வரியையே எழுதாமல் விடுபவர்கள் குறைவு. பெரும்பாலானோர் எழுதுகிறார்கள், அதுவும் சரியான இடத்தில், சுழல் முடிந்த அடுத்த வரியில். அந்த வரிக்கு நிரல் வந்து சேருமா என்பதுதான் கேள்வி. சுழலுக்குள்ளே ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் பூஜ்ஜியத்தால் வகுக்க நேர்ந்துவிட்டது என்று வையுங்கள். அல்லது ஒரு பதிவைச் சேர்க்கும்போது ஒருமைக் கட்டுப்பாடு தடுத்துவிட்டது. நிரல் அந்தக் கணமே விதிவிலக்கு அறைக்குத் தாவுகிறது. அங்கே பிழையைக் குறிப்பேட்டில் எழுதும் வரி இருக்கும், மாற்றங்களைத் திரும்பப் பெறும் வரி இருக்கும். கர்சரை மூடும் வரி இருக்காது. அல்லது சுழலின் நடுவே, தேடியது கிடைத்துவிட்டது என்று ‘ரிட்டர்ன்’ சொல்லி வெளியே போயிருப்பார்கள். அதுவும் க்ளோஸ் வரியைத் தாண்டிக் குதிப்பதுதான். சோதனையின்போது தரவு சுத்தமாக இருக்கும், பிழைப்பாதை ஓடாது, கசிவு தெரியாது. நேரடிப் பயன்பாட்டில் நூறில் ஒரு பதிவு கோணலாக இருந்தால் போதும்.

இங்கே பி.எல்/எஸ்.க்யூ.எல். மொழிக்கு நியாயம் செய்ய வேண்டும். ஒரு செயற்கூறுக்குள்ளேயே அறிவிக்கப்பட்ட சாதாரண கர்சரை மறந்துவிட்டாலும், அந்தத் தொகுதி முடிந்து அதன் மாறிகள் மறையும்போது மொழியே அதை மூடிவிடுகிறது. இதை நம்பி எழுதலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பெரும்பாலான மறதிகள் ஆபத்தில்லாமல் போவது இதனால்தான். அந்தக் காவல் எட்டாத இடங்கள் மூன்று.

முதலாவது, பேக்கேஜ் அளவில் அறிவிக்கப்பட்ட கர்சர். பேக்கேஜின் மாறிகள் அமர்வு முழுவதும் உயிரோடு இருப்பவை. அதில் ஒரு செயற்கூறு திறந்த கர்சர், அந்தச் செயற்கூறு முடிந்தபின்னும் திறந்தே இருக்கும். இணைப்புக் கையிருப்பில் அந்த அமர்வு அடுத்து வேறொரு பயனருக்குப் போகிறது, அவருடைய கோரிக்கை அதே கர்சரைத் திறக்க முயல்கிறது, ஓரா-06511 வருகிறது. ஒருவரின் பாதி வேலை இன்னொருவர் மேல் பிழையாக விழுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இரண்டாவது, ‘டிபிஎம்எஸ்_எஸ்க்யூஎல்’ என்ற பேக்கேஜ். ஓடும்போதே வினவலைக் கட்டி எழுப்பும் நிரல்களுக்கு அது உதவுகிறது. அது கர்சரைத் திறந்து உங்கள் கையில் ஓர் எண்ணைக் கொடுக்கிறது; வெறும் முழு எண். அந்த மாறி மறைந்தால் மறைந்தது ஓர் எண்தான் என்றுதான் மொழி நினைக்கும். அதன் பின்னால் ஒரு கர்சர் திறந்து கிடப்பது மொழிக்குத் தெரியாது. எண் தொலைந்தபின் அதை மூடுவதற்கும் வழி இல்லை. அமர்வு முடியும்வரை அது அங்கேயே கிடக்கும். இந்தப் பேக்கேஜைத் தொடும் ஒவ்வொரு தொகுதியிலும் விதிவிலக்கு அறையில் ‘இஸ்_ஓப்பன்’ கேட்டு ‘க்ளோஸ்_கர்சர்’ சொல்லும் வரி இல்லையென்றால் அந்த நிரலை ஏற்கக் கூடாது.

மூன்றாவதுதான் இன்றைக்கு மிகப் பரவலானது. பி.எல்/எஸ்.க்யூ.எல். செயற்கூறு ஒரு கர்சரைத் திறந்து, படிக்காமல், அப்படியே ஜாவா நிரலிடம் ஒப்படைக்கிறது. ரெஃப் கர்சர் என்று அதற்குப் பெயர். திறந்தவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர். செயற்கூறு மூடிவிட்டுக் கொடுத்தால் ஜாவாவுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே மூடும் கடமை எல்லையைத் தாண்டிப் போகிறது. தரவுத்தளக் குழு ‘அவர்கள் மூடுவார்கள்’ என்று நினைக்கிறது. ஜாவா குழுவோ தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறது. ஜாவாவில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பழக்கமும் குறுக்கே நிற்கிறது. அந்த மொழியில் பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அள்ளிப்போடக் குப்பை அகற்றி ஒன்று உண்டு. அது தன் நினைவகம் நிறைந்தால்தான் வேலை செய்யும். தொலைவில் வேறொரு கணினியில் கர்சர் வரம்பு நிறைந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. ஆரக்கிளின் சொந்த ஆவணங்களே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன: விடைத்தொகுப்பையும் மூட வேண்டும், அதைப் பெற்றுத்தந்த கட்டளைப் பொருளையும் மூட வேண்டும், விடைத்தொகுப்பை மட்டும் மூடினால் தரவுத்தளத்தில் கர்சர் விடுபடாது. 2011இல் வெளியான ஜாவா 7, தொகுதி எப்படி முடிந்தாலும், பிழையோடு முடிந்தாலும், திறந்தவற்றைத் தானே மூடும் ‘ட்ரை’ வடிவத்தைக் கொண்டுவந்தது. சி ஷார்ப்பின் ‘யூஸிங்’, பைத்தானின் ‘வித்’ இரண்டும் அதே வேலையைச் செய்பவை.

பி.எல்/எஸ்.க்யூ.எல்.லில் இதற்கு இணையானது கர்சர் ஃபார் சுழல். ‘இந்த வினவலின் ஒவ்வொரு பதிவுக்கும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் திறப்பதும், படிப்பதும், மூடுவதும் மொழியின் பொறுப்பு. பதிவுகள் தீர்ந்து முடிந்தாலும், நடுவில் எக்ஸிட் சொன்னாலும், விதிவிலக்கு எழுந்தாலும் மூடப்படும். க்ளோஸ் வரிக்கு நிரல் வந்து சேருமா என்ற கேள்வியே எழாது. வேகத்தில் குறை உண்டா என்றால் அதுவும் இல்லை. ஆரக்கிள் 10ஜி முதல், மொழிமாற்றி தன் இயல்பு நிலையில் இந்தச் சுழலைப் பின்னணியில் நூறு நூறு பதிவுகளாகக் கொண்டுவருகிறது. நாம் கையால் ஒவ்வொன்றாக ஃபெட்ச் எழுதும் சுழலுக்கு அந்தச் சலுகை கிடையாது. மிகப் பெரிய தொகுப்புகளை அளவு வைத்து அள்ளும்போதும், ரெஃப் கர்சர் கைமாறும்போதும் மட்டுமே ஓப்பன், க்ளோஸ் என்று கையால் எழுதத் தேவை இருக்கிறது. மற்ற எல்லா இடங்களிலும் ஃபார் சுழலே சரி. பயிற்சி வகுப்புகளில் நான்கு கட்டளைகளையும் முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு ஃபார் சுழலைக் கடைசி நிமிடத்தில் ‘சுருக்கு வழி’ என்று காட்டுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

மூடுவது எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஃபார் அப்டேட்’ என்று திறந்த கர்சர், ஓப்பன் நடக்கும்போதே தன் விடைக்கணத்தின் எல்லாப் பதிவுகளையும் பூட்டிவிடுகிறது. ஐந்தாவது பதிவைப் பார்க்கும்போது ஆயிரமாவதும் பூட்டப்பட்டிருக்கும். கர்சரை மூடினால் அந்தப் பூட்டுகள் விலகும் என்று நினைப்பவர்கள் நிறைய. விலகாது. மாற்றங்களை உறுதி செய்யும் கமிட் அல்லது திரும்பப் பெறும் ரோல்பேக் சொன்னால்தான் விலகும். திறப்பு, மூடல் ஒரு கணக்கு. பரிவர்த்தனையின் தொடக்கம், முடிவு இன்னொரு கணக்கு.

எதிர்த்திசையில், அதாவது கமிட் சொன்னால் கர்சருக்கு என்ன நடக்கும் என்பது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். எஸ்.க்யூ.எல். தரநிலையின்படி, ‘வித் ஹோல்ட்’ என்று தனியாகக் கேட்டிராத கர்சர் கமிட்டோடு மூடப்பட்டுவிடும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இதைப் பின்பற்றுகிறது. ஆரக்கிளில் சாதாரண கர்சர் கமிட்டைத் தாண்டியும் திறந்திருக்கும். ‘ஃபார் அப்டேட்’ கர்சரில் கமிட்டுக்குப் பிறகு ஃபெட்ச் செய்தால் மட்டும் ஓரா-01002 வரும். ஆரக்கிளில் ஆண்டுக்கணக்கில் ஓடிய நிரலைப் போஸ்ட்கிரஸுக்கு மாற்றுபவர்கள் இந்த வேற்றுமையில் அடிக்கடி இடறுகிறார்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் மூடுவதே இரண்டு படி. க்ளோஸ் சொன்னால் விடைக்கணமும் அதன் பூட்டுகளும் போகும், கர்சரின் பெயரும் வடிவமும் இருக்கும், மறுபடி ஓப்பன் செய்யலாம். டீஅலோகேட் சொன்னால்தான் முழுதாகப் போகும். அங்கே கர்சர் இயல்பாகவே இணைப்பு முழுவதற்கும் பொதுவானது என்பதால், இரண்டாம் படியை மறந்த நிரல் அதே இணைப்பில் மறுமுறை ஓடும்போது ‘அந்தப் பெயரில் கர்சர் ஏற்கெனவே இருக்கிறது’ என்று 16915 எண் பிழை வரும்.

நெடுநேரம் திறந்து வைப்பதற்கு வேறொரு விலையும் உண்டு. ஓப்பன் நடந்த நொடியின் தரவைக் கடைசிவரை காட்டுவேன் என்ற உறுதியைக் காப்பாற்ற, மாறிப்போன பதிவுகளின் பழைய மதிப்புகள் எங்காவது இருக்க வேண்டும். ஆரக்கிள் அவற்றை அன்டூ பகுதியில் வைக்கிறது. அந்த இடம் எல்லையற்றது அல்ல. பழைய மதிப்புகளைக் காத்துவைக்கும் இயல்புக் காலம் 900 நொடி. மெல்ல ஊர்ந்து படிக்கும் கர்சர், அழிந்துபோன ஒரு பழைய மதிப்பைக் கேட்க நேர்ந்தால் ஓரா-01555 வந்து ஓட்டம் முறியும். சுழலுக்குள்ளே பதிவுக்கொரு கமிட் போடுபவர்கள் இந்தப் பிழையைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். தங்கள் ஓடைக்குத் தேவையான பழைய மதிப்புகளை அழிக்கலாம் என்று தாங்களே அனுமதி கொடுக்கிறார்கள்.

போஸ்ட்கிரஸின் போக்கு நேர்மாறு. அது பழைய பதிவுகளை அட்டவணையிலேயே விட்டுவைக்கிறது. யாருக்கும் தேவையில்லை என்று உறுதியான பிறகே வேக்யூம் என்ற துப்புரவுப் பணி அவற்றின் இடத்தை மீட்கும். கர்சரைத் திறந்த பரிவர்த்தனை முடியாமல் கிடந்தால், அதற்குத் தேவைப்படலாம் என்று அதற்குப்பின் செத்த பதிவுகள் எல்லாம் காக்கப்படும். கேட்பாரற்ற ஒரு ஓடைக்காக அட்டவணைகள் வீங்கும். ஆரக்கிள் படிப்பவரைக் கைவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரஸ் படிப்பவரைக் காத்துத் தான் வீங்குகிறது. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 2016இல் வந்த 9.6ஆம் பதிப்பில், பரிவர்த்தனையைத் திறந்துவைத்துச் சும்மா இருக்கும் அமர்வைக் குறித்த நேரத்துக்குப் பின் துண்டிக்கும் வசதியைப் போஸ்ட்கிரஸ் சேர்த்துக்கொண்டது. அந்த வசதி தேவைப்பட்டதே இந்தச் சிக்கல் எவ்வளவு பரவலானது என்பதற்குச் சான்று.

‘மூடினால் அடுத்தமுறை வினவலை மறுபடி ஆராய வேண்டுமே, வேகம் குறையாதா?’ என்று அனுபவமுள்ள நிரலர்களும் கேட்பதுண்டு. அந்த அச்சத்துக்கு இடமில்லை. நாம் க்ளோஸ் சொல்லும்போது ஆரக்கிள் கணக்கில் அதை மூடியதாக வைத்துக்கொண்டாலும், அடிக்கடி வரும் வினவல்களின் கர்சர்களை அமர்வின் தற்காலிக சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பின் இயல்பு அளவு 50. மறுபடி திறக்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். வரம்பு நெருக்கும்போது அந்தச் சேமிப்பிலிருப்பவற்றைத் தானே கைவிட்டுவிடும். அதாவது நீங்கள் மூடிய கர்சரைத் தரவுத்தளம் தன் வசதிக்கேற்பக் கையாளலாம். நீங்கள் மூடாததைத் தொடவே முடியாது. வேகத்துக்காக மூடாமல் விடுவது எந்த வேகத்தையும் தருவதில்லை.

கசிவைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. ‘வி டாலர் ஓப்பன் கர்சர்’ என்ற காட்சி ஒவ்வோர் அமர்வும் வைத்திருக்கும் கர்சர்களையும் அவற்றின் வினவல் வரிகளையும் காட்டும். அதில் ஒரு எச்சரிக்கை: சேமிப்பில் கிடப்பவையும் அதே பட்டியலில் வரும். கர்சர் வகை என்ற நெடுவரிசையைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்காமல் மொத்த எண்ணைக் கண்டு பதறுபவர்கள் உண்டு. பிரித்தபின், ஒரே அமர்வில் ஒரே வினவல் நூறு தடவை திறந்திருந்தால் அது கசிவு, சந்தேகமே வேண்டாம். நூறு வெவ்வேறு வினவல்கள் ஒவ்வொரு தடவை திறந்திருந்தால் அந்தப் பயன்பாட்டின் இயல்பான தேவை அதுவாக இருக்கலாம். அப்போது வரம்பை உயர்த்துவது நியாயமானது. வினவலின் வரி கையில் கிடைத்துவிட்டால் அதைத் திறக்கும் நிரலைத் தேடிப்பிடிப்பது சில நிமிட வேலை.

புதிதாக இத்துறைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரெஃப் கர்சரைத் திருப்பித் தரும் ஒவ்வொரு செயற்கூறின் தலையிலும், அதை மூட வேண்டியவர் யார் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சோதனைத் தரவில் வேண்டுமென்றே ஒரு கோணல் பதிவைச் சேருங்கள். விதிவிலக்குப் பாதையை ஒரே இணைப்பில் ஆயிரம் தடவை ஓடவிட்டு, திறந்திருக்கும் கர்சர்களின் எண்ணிக்கை தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லையென்றால், வரம்பை உயர்த்தச் சொல்லித் தரவுத்தள நிர்வாகிக்கு எழுதாதீர்கள். மூடாத அந்த ஒரு வரியைத் தேடுங்கள்.